காய்கறித் தட்டில் உறங்கிய ராணி

இரவுப் பணி முடிந்து அல்மூத் மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தபோதே, காலைப் பணிக்கு வந்த ஹலினா பிடித்துக்கொண்டாள்.

"என்ன, இன்னிக்குத்தானே உன் மகாராணிக்குப் பள்ளியெழுச்சி?"

"இன்னிக்குத்தான்."

"ஆத்தத் தாண்டினா போலந்துல, எங்க ஊர்க் கடையில எறும்புப் பொடி விக்கிறான். ஒரு சிட்டிகை தூவினா போதும், வம்சமே காலி. நீ என்னடான்னா அத பிரிட்ஜ்ல வச்சுத் தாலாட்டுப் பாடுற."

"வாய மூடு ஹலினா. மூலை ரூம் பெரியவர் இப்பத்தான் கண் அசந்தார். காலை மாத்திரைக்கு எழுப்பாதே, தானா எழுந்ததும் குடு."

"சரி சரி, நீ முதல்ல போய்ப் படு. உன் கண்ணப் பாத்தா எனக்கே தூக்கம் வருது."

முதியோர் இல்லத்தின் கதவு பின்னால் மூடிக்கொண்டது. மார்ச் மாதக் காற்று நைசெ ஆற்றின் மேலிருந்து ஈரத்தோடு வந்தது. ஜெர்மனியின் எல்லையோரக் கேர்லிட்ஸ் நகரத்துக் கருங்கல் பாவிய தெருவில் அல்மூத் காலைத் தூக்கி வைக்கவில்லை, இழுத்துக்கொண்டு போனாள். ஒருநாள் தூங்கினால் தீர்கிற களைப்பு இல்லை அது. தூங்கி எழுந்தால் அதுவும் கூடவே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தக் குளிர்காலத்தில் இல்லத்தில் எத்தனையோ கட்டில்கள் காலியாயின. விரிப்பு மாற்றிய சூடு ஆறுவதற்குள் வேறொருவர் வந்து படுத்தார். கையில் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிப் போனார்கள். ஆகவேதான் அவள் மனதுக்குள் ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டிருந்தாள், யாரிடமும் சொல்லாமல்: நான் பார்த்துக்கொண்டவற்றில் இது ஒன்றாவது வசந்தத்துக்கு வந்து சேரட்டும்.

அது ஒரு கட்டெறும்பு ராணி. வீட்டில், பிரிட்ஜின் காய்கறித் தட்டில், கண்ணாடிக் குழாய்க்குள் உறங்கிக்கொண்டிருந்தது.

இது அவளுடைய இரண்டாவது ராணி. முதல் ராணியை அவள் பார்த்தே கொன்றாள். ஆமாம், பார்த்துத்தான். எறும்பு வளர்க்கிறவர்கள் மாதம் ஒருமுறை ஒரு பீர்க் கடையின் பின்னறையில் கூடுவார்கள். சட்டைப் பைக்குள்ளிருந்து பேனா எடுப்பதுபோலக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்து, யாருடைய ராணி எத்தனை முட்டை என்று பேசுவார்கள். அங்கே ஒருவர் கொடுத்த ராணிதான் முதலாவது. ஆசை யாரை விட்டது? காலையில் வேலை முடிந்து வந்ததும் ஒருமுறை, மாலையில் கிளம்பும்போது ஒருமுறை, உள்ளே இருட்டாக இருக்கக் குழாயைச் சுற்றிய சிவப்புத் தாளை விலக்கி விலக்கிப் பார்த்தாள். ராணி மிரண்டது. மிரண்ட ராணி தன் முட்டையைத் தானே தின்றது. பிறகு தானும் சுருண்டது.

அந்தக் கூட்டத்தில் மூத்தவரான டீலோ அப்போது சொன்னார்: "பெத்தவள சும்மா விடணும் அல்மூத். அடுத்த தடவை பாக்காதே."

அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

போன ஜூன் மாதம், மழை விட்ட ஒரு புழுக்கமான மாலையில் சிறகுள்ள எறும்புகள் ஈசல் போலக் கிளம்பின. டிராம் நிறுத்தத்து பெஞ்சின்மேல் ஒரு பெரிய ராணி வந்து இறங்கியது. கால்களால் நெம்பி நெம்பித் தன் சிறகைத் தானே ஒடித்துப் போட்டது. அல்மூத்தின் பையில் இல்லத்து மாத்திரைக் கிண்ணம் ஒன்று கிடந்தது. அதில் ஏந்தி, உள்ளங்கையால் மூடி, வழியெல்லாம் அப்படியே கொண்டுவந்தாள்.

குழாயின் ஒரு முனையில் தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு. மறுமுனையில் வாயை மூட இன்னொரு பஞ்சு. நடுவில் இருட்டு. அவ்வளவுதான் ராணிக்கு வேண்டியது. குடும்பம் தொடங்குகிற ராணி எதுவும் தின்னாது. இனிமேல் பறக்கப்போவதில்லையே, சிறகை அசைத்த சதை எதற்கு? அதுவே கரைந்து உள்ளே உணவாகும். அதைத்தான் வாயோடு வாய் வைத்துப் புழுக்களுக்கு ஊட்டும். கோடை முடிவதற்குள் ஏழு பெண்பிள்ளைகள் பிறந்தன. தலைச்சன் பிள்ளைகள் அல்லவா, எல்லாம் குட்டை குட்டையாக. கூடவே ஒரு கொத்துப் புழுக்கள். அக்டோபரில் எல்லாம் சேர்ந்து ஒண்டிக்கொண்டு, குளிர்கால உறக்கத்துக்காக அசைவதை நிறுத்தின. அந்த உறக்கத்துக்குக் குளிர் வேண்டும் என்பதால் குழாயைத் தேயிலை வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் நாடா ஒட்டி, காய்கறித் தட்டில் கேரட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மார்ச் வரை திறப்பதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

நவம்பரில் அவள் கணவன் ஃபோல்க்மார் ஒரு காரியம் செய்தான். பழைய பிரிட்ஜில் பனிக்கட்டி பாறைபோலக் கட்டும். இரவுப் பணி முடிந்து வந்த ஒரு காலையில் அல்மூத் அதன் முன்னால் முட்டி போட்டு, தோசைக்கரண்டி மாதிரியான ஒன்றால் சுரண்டிக்கொண்டே அப்படியே தலைசாய்த்துத் தூங்கிப்போனதைப் பார்த்துவிட்டான். டிராம் பணிமனையில் பிரேக் பழுது பார்க்கிறவன். வாயால் அன்பைச் சொல்லத் தெரியாதவன். மறுவாரமே புதிய பிரிட்ஜ் வந்து நின்றது. பனியே கட்டாத வகை.

"உன் பெட்டிய நானே மாத்தி வச்சேன்," என்றான். "கொஞ்சம்கூட சாய்க்கல. எட்டிக்கூட பாக்கல."

அவன் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு அவள் போய்ப் படுத்தாள்.

அந்த வீட்டில் எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் பிரியம் என்று ஆகிவிட்டிருந்தது. அவன் விடியலில் கிளம்புவான், அவள் அப்போதுதான் வருவாள். விடுமுறை நாளில் அவள் தூங்கினால் அவன் காலுறையோடு நடப்பான். படுக்கையறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவான். நாற்காலியை இழுக்கமாட்டான், இரு கையாலும் தூக்கி வைப்பான். குளிர்காலம் முழுக்க இருவரும் பேசியதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். இடையில் தட்டிலிருந்த கேரட்டெல்லாம் வாடி வளைந்தது. அல்மூத் காய்கறிக் கடைக்காரனைத் திட்டினாள், வேறு கடைக்கு மாறினாள். அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

இன்று சனிக்கிழமை. ஃபோல்க்மார் ரொட்டி வாங்கப் போயிருந்தான். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அவள் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து, நாடாவை உரித்தாள்.

குழாய் இலேசாக இருந்தது. கையில் எடுத்த அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடுதான் மிச்சம். பஞ்சு மஞ்சளாகக் காய்ந்து, தட்டினால் உதிரும்போல இருந்தது. குட்டைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகக் காலை மடக்கிக் கிடந்தன. ராணி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, முகம் மட்டும் புழுக்கொத்தின்மேல்.

அவள் அழவில்லை. தொலைபேசியை எடுத்தாள்.

"டீலோ, நான் அல்மூத்."

"இவ்வளவு காலையில கூப்பிட்டா பிரசவம்தான். சொல்லு, முழிச்சுக்கிச்சா?"

"தண்ணி வத்திப்போச்சு. சொட்டுகூட இல்ல. எல்லாம் கிடக்குது."

"கடைசியா தண்ணி எப்பப் பாத்தே?"

"பாக்கல. அக்டோபர்ல மூடினதுதான்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அம்மா தாயே! யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

"நீங்கதானே பாக்காதேன்னு சொன்னீங்க."

"தினம் ரெண்டு வேளை பாக்காதேன்னேன். மொத்தக் குளிர்காலமும் கண்ண மூடிக்கோன்னா சொன்னேன்? அது சரி, சாதாரண பிரிட்ஜ்ல இவ்வளவு வத்தாதே. எது உன்னுது?"

"புதுசு. பனி கட்டாதது."

"போச்சு. அது உள்ளேருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். கேரட்கூட காஞ்சிருக்குமே?"

அல்மூத் திரும்பி பிரிட்ஜைப் பார்த்தாள்.

"கேளு," டீலோவின் குரல் இறங்கியது. "தூக்கிப் போட்டுடாதே. குளிர்ல விறைச்சதும் செத்ததும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். அடுப்பு பக்கம் கொண்டு போகாதே, குளுந்த அறையிலேயே இருக்கட்டும். ஊசி முனையில ஒரு பொட்டு சர்க்கரைத் தண்ணி எடுத்து வாய்கிட்ட வை. மேல பட்டா ஒட்டிக்கும், மூச்சு முட்டிடும். அது காயக் காய மாத்தி வை. சாயந்திரம் வரைக்கும் பொறு."

கதவு திறந்தது. ஃபோல்க்மார் ரொட்டிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வழக்கம்போல ஓசைப்படாமல் வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான்.

"எழுந்திருக்கலையா?"

"தண்ணி வத்திப்போச்சு."

"எப்படி? நான் சாய்க்கவே இல்லையே."

அவள் சொல்லாமலே விட்டிருக்கலாம். பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும் பாருங்கள், அது அவளிடம் இல்லை.

"புது பிரிட்ஜ் ஈரத்த உறிஞ்சிடுமாம்."

ரொட்டிப் பையை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல அவன் நின்றான். "நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"தெரியும்."

"அந்தக் கேரட் வாடினப்பவே எனக்கு என்னவோ போல இருந்துச்சு. உன்கிட்டக் கேக்கணும்னு நினைச்சேன்."

"கேட்டிருக்கலாமே!"

"நீ தூங்கிட்டு இருந்தே."

"எழுப்பியிருக்கலாமே, ஃபோல்க்மார்!"

"உன்னையா? உன்ன எழுப்பக் கூடாதுன்னுதானே இந்த வீட்டுல நான் திருடன் மாதிரி நடக்கிறேன்!"

கத்திவிட்டான். இந்தக் குளிர்காலத்தில் அந்தச் சமையலறை கேட்ட முதல் சத்தம் அது. இருவருமே திடுக்கிட்டார்கள். அல்மூத்துக்குத் திருப்பிக் கத்த வேண்டும்போல இருந்தது. வாய் திறந்தது, கொட்டாவிதான் வந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் உடைந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று.

"ஊசி எங்க?" என்றான். "நான் உக்காந்து பாத்துக்கறேன். நீ போய்ப் படு."

"உனக்கு இதெல்லாம் தெரியாது."

"பிரேக் லைன்ல எண்ணெய் சொட்டு சொட்டா விடுறவன் நான். வாய் எந்தப் பக்கம்னு மட்டும் காட்டு."

காட்டினாள். குளிர்ந்த பின்னறையில் மேஜை போட்டு, துண்டை மடித்து, அதன்மேல் குழாயை வைத்தார்கள். அவன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். முதல் பொட்டை அவள் வைத்தாள், சற்றுத் தள்ளி விழுந்தது. இரண்டாவதை அவன் வைத்தான், வாய்க்கு நேராக நின்றது. அவள் போய் உடையோடு விழுந்தாள்.

விழித்தபோது வெயில் சுவரின் மறுபக்கம் போயிருந்தது. வீட்டில் அவித்த உருளைக்கிழங்கு வாசனை. பின்னறையில் ஃபோல்க்மார் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தான். பக்கத்துத் தட்டில் உருளைக்கிழங்கும், ஆளிவிதை எண்ணெய் ஊற்றிய தயிர்க்கட்டியும் தொடாமல் ஆறிக் கிடந்தன.

"ராணியோட உணர்கொம்பு அசைஞ்சுது," என்றான் திரும்பாமலே. "ரெண்டு தடவை. சத்தியமா."

அவள் தலையாட்டினாள். இந்த வார்த்தை அவளுக்குப் புதிதில்லை. இல்லத்தில் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் மகன்களும் மகள்களும் இதையேதான் சொல்வார்கள்: அம்மா விரல் அசைஞ்சுது, அப்பா கண் திறந்தார். அப்போதெல்லாம் அவள் இப்படித்தான் தலையாட்டுவாள், மென்மையாக, நம்பாமல். இப்போதும் அதே தலையாட்டல்தான் வந்தது.

"என்னை நம்பல, இல்ல?"

"தள்ளு," என்று அவனருகே இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். புதிய பொட்டு ஒன்றை வாயருகே வைத்தாள். பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கண் எரிந்தது. எழுந்துவிடலாம் என்று நினைத்தாள், எழ அலுப்பாக இருந்தது, அப்படியே இருந்தாள்.

பொட்டு சுருங்கியது. காய்ந்து சுருங்குகிறது என்றுதான் அவள் எண்ணினாள். ஆனால் காய்கிற பொட்டு நாலா பக்கமும் சுருங்கும். இது ஒரு பக்கம் மட்டும், ராணியின் வாய்ப்பக்கம் மட்டும், குழிந்தது. பிறகு மிக மெதுவாக ஒரு கொம்பு மடங்கி நிமிர்ந்தது. அவள் ஃபோல்க்மாரின் முழங்கையைப் பிடித்தாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

"குடிக்குது," என்றாள்.

"நான் சொன்னேன்ல, மத்தியானமே சொல்றேன்..."

"சரி, பெருமை அப்புறம் அடிச்சுக்கோ. அந்தச் சின்னதுக்கும் ஒரு பொட்டு வை. ஓரத்துல, வயிறு லேசா துடிக்குது பாரு."

ஏழு பிள்ளைகளில் அந்த ஒன்றுதான் தப்பியது. மற்றவற்றை அல்மூத் ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து, மாத்திரைக் கிண்ணத்தில் வைத்தாள். ராணி எழுந்து நின்றபோது ஒரு பின்னங்கால் இழுத்தது. அந்தக் காலை இழுத்துக்கொண்டே போய்ப் புழுக்கொத்தின்மேல் கவிந்து நின்றது. புழுக்களில் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று சொல்ல முடியவில்லை.

"இனி எப்படி? மறுபடி முதல்லேர்ந்தா?" என்றான் ஃபோல்க்மார்.

"சிறகுச் சதையெல்லாம் போன வருஷமே குடுத்துத் தீத்துட்டா. இனி அவகிட்ட ஒண்ணும் இல்ல. நாமதான் ஊட்டணும். கோடையில டீலோகிட்ட நாலு கூட்டுப்புழு கேட்டு வாங்கி விட்டா தன்னுதுன்னு ஏத்துக்குவா. அதுவரைக்கும் தாங்கணும்."

"காலையில நீ, சாயந்திரம் நான்."

"ம்."

அவன் ஆறிப்போன உருளைக்கிழங்கைத் தோல் உரித்து அவளிடம் நீட்டினான். இருவரும் ஒரே தட்டில் தின்றார்கள். தட்டு காலியானதும் அவன் சொன்னான்.

"பழைய பிரிட்ஜ நான் தூக்கிப் போடல. கீழ நிலவறையிலதான் இருக்கு."

"எதுக்கு?"

"பீர் வச்சிருக்கேன்."

அல்மூத் அவனையே பார்த்தாள். அவள் கண்ணைப் பார்க்காமல் அவன் சொன்னான்: "அடுத்த அக்டோபர்ல உன் பெட்டிய அதுல வைக்கலாம், என் பீர வெளிய எடுத்துடறேன். பனிய நானே சுரண்டறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் மறுபடியும் தூக்கம் வந்து கண்ணை அழுத்தியது. சனிக்கிழமை இரவு விடுப்புதான், படுக்கலாம். எழுந்து போனவள் படுக்கையறை வாசலில் நின்றாள்.

"ஏதாவதுன்னா என்னை எழுப்பு."

"ஒண்ணும் இல்லைன்னா?"



"ஒண்ணும் இல்லைன்னாலும் எழுப்பு."

கதவைச் சாத்தாமல் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னறையில் அவன் நாற்காலியை மேஜைப் பக்கம் தரதரவென்று இழுத்தது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.