மூவாயிரத்து ஐந்நூறு கிலோ

மதீசன் ஐந்து இருபதுக்கு எழுந்தான். கேத்தலில் ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் விட்டான். அது கொதிப்பதற்குள் பல் தீட்டினான். பாணில் இரண்டு துண்டு வெட்டி ஒன்றுக்கு வெண்ணெய் பூசினான்; மற்றதை அப்படியே தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சுவரில் ஈரம் பிடிக்கிறது என்று வீட்டுக்காரர் கடிதம் போட்டிருந்ததால் குளியலறை ஜன்னலைப் பத்து நிமிடம் திறந்து வைத்தான். கட்டிலின் இடப்பக்கத்துப் போர்வையை இழுத்துவிட்டான். வலப்பக்கம் கலைவதில்லை. மனைவி கம்சனா போன பிறகு எட்டு மாதமாக இதே ஒழுங்கு. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்பதுதான் இதிலிருந்த ஒரே வசதி.

இன்று அந்த வசதியும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே மாமாவின் வோன்மொபில் இரண்டு கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஓடும் வீடு. உள்ளே விளக்கு எரிந்தது. மாமி விடிவதற்கு முன்பே வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். மணம் மூன்றாம் மாடிவரை ஏறி வந்தது. எதிர்வீட்டுப் பெண் நேற்றே முன்கண்ணாடியில் ஒரு கடிதம் செருகிவிட்டுப் போயிருந்தாள். இது முகாம் அல்ல, தெரு என்று. மாமா அதைப் படித்துவிட்டு, "நல்ல ஜேர்மன். பிழையில்லாமல் எழுதியிருக்கிறா" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மாமா பரராசசிங்கம் ஜேர்மனியின் ஹம் நகரில் கம்பித் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் நின்றபடி வேலை செய்தவர். மாமி ஜெயமலர் முதியோர் இல்லத்துக் குசினியில். ஓய்வு கிடைத்த கையோடு, பதினான்கு வருடம் ஓடிய இந்த வாகனத்தை வாங்கினார்கள். கோயிலில் சனம் சிரித்தது. அகதியாய் வந்து, முகாமில் கிடந்து, வீடு கிடைத்து, பிறகு காசு கொடுத்து முகாமுக்குப் போகிற ஆட்கள் என்றார்கள். இரண்டு குளிர்காலம் ஸ்பெயினின் தெற்குக் கரையில் நின்றார்கள். பக்கத்து வண்டியின் ஜேர்மன் கிழவர்களுக்கு மாமி புட்டு அவித்துக் கொடுக்கிற படங்கள் ஹம்முக்கு வந்தன. பின்னால் கடல். மாமாவின் முழங்கால் வலி போனது. மாமியின் இருமல் நின்றது. மகள் கம்சனாதான் அவர்களை இதற்குத் தள்ளிவிட்டவள். வண்டியின் அலுமாரிக் கதவுகளில் அவள் ஒட்டிய துண்டுகள் இன்னும் இருந்தன. 'மிளகாய்த்தூள். இதுக்கு மேல வேண்டாம்.' 'அப்பா, இடப்பக்கம் கண்ணாடி எண்டு ஒண்டு இருக்கு.' அடுப்புக்கு மேலே பெரிய எழுத்தில், 'அம்மா, காஸ்!!'

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை அவள் இறந்தாள். மூளையில் இரத்தக்கசிவு. முப்பத்திரண்டு வயது. அவர்கள் அந்தக் கரையிலிருந்து இரண்டு பகலும் ஒரு இரவும் ஓடி வந்து சேர்ந்தார்கள். மருத்துவமனையின் நீண்ட நடையில் மாமா செருப்போடு நின்றார். செருப்பில் மணல் இருந்தது. அவர் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, பிள்ளை எங்களைக் கேட்டவவோ?"

மதீசன் அந்த மணலைப் பார்த்தபடி சொன்னான். "இல்லை மாமா. அம்மாவும் அப்பாவும் வெயிலிலயே இருக்கட்டும், அதுதான் தனக்கு நிம்மதி எண்டு சொன்னவ."

அந்த நேரத்துக்கு ஒரு பஞ்சுபோல வைத்த வார்த்தை. அது அத்தோடு முடியும் என்று நினைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்க மாமா கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடித்தார். அட்டையில் கம்சனாவின் படம், உள்ளே தேவாரம், உறவினர் இரங்கல். ஒன்பதாம் பக்கத்தில் கட்டம் போட்டு, தடித்த எழுத்தில், அந்த வாக்கியம். முந்நூறு பிரதி. கோயிலில் ஆட்கள் அதைக் காட்டி அவனுடைய கையைப் பிடித்தார்கள். சித்திரையில், மாமா ஸ்பெயினில் அந்த வண்டி முகாமிலேயே நிரந்தரமாக நிற்கும் மரவீடு ஒன்றை வாங்கினார். இரண்டு அறை, வாசலில் ஆரஞ்சு காய்க்கும் ஒரு தோடை மரம். இனி ஓடித் திரிவதில்லை. அங்கே போய் வண்டியை விற்றுவிடுவது. ஹம் வீட்டைக் கொடுத்துவிடுவது. பிள்ளையின் கடைசி ஆசை.

ஹம் வீட்டின் திறப்புச் சாவியைக் கையளிக்க நேரம் குறித்த டெர்மின் இன்று. வியாழன் ஒன்றரைக்கு ராகுகாலம் என்பதால் மாமா இரண்டு மணியை ஒரு மணிக்கு மாற்ற வைத்திருந்தார். நேற்று மாலை வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒரு பெண் மதீசனுக்குப் போன் எடுத்தாள். புதிதாக வரவிருந்த குடும்பம் வரவில்லையாம். உங்கள் மாமனாருக்கு இருக்க விருப்பம் என்றால் ஒரு மணிக்கு முன் சொல்லுங்கள், கையெழுத்து வைத்தபின் நான் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். நன்றி என்று சொல்லி வைத்தான். ஒருவரிடமும் சொல்லவில்லை. இரவெல்லாம் பல்லைக் கடித்தபடி கிடந்ததில் காலையில் தாடை வலித்தது.

ஏழு மணிக்கு மாமி படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் ஒரு போத்தல்.

"ரசத்தூள். இந்தத் தடிமன் இருமல் காலத்துக்கு வேணும். தண்ணியைக் கொதிக்கவிட்டு ரெண்டு கரண்டி..."

"வேண்டாம் மாமி. நான் ரசம் வைக்கிறேல்லை."

"ஏன்? முந்தி வைக்கிறனீங்கள்தானே."

மாமி போத்தலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, குசினியை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். கவிழ்த்திருந்த ஒற்றைக் கோப்பையைப் பார்த்தார்.

"அங்க தமிழ்ச் சனம் ஒண்டும் இல்லைத் தம்பி. ரெண்டு மாசம் எண்டால் பரவாயில்லை. கடலைப் பாத்துக்கொண்டு இருக்கலாம். ஆனா அதுக்குப் பிறகும் கடல்தான் இருக்கும்." வாசலில் நின்று செருப்பைத் தேடினார். "என்ன செய்யிறது. பிள்ளை சொன்னதெல்லோ."

அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மதீசன் சுவரில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். சுவர் ஈரமாகத்தான் இருந்தது.

ஒன்பது பத்துக்கு நல்ல நேரம். மாமா நான்கு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, வண்டியை எடுத்தார். தேசிக்காய் மூன்று நசிந்தது. நாலாவது உருண்டு எதிர்வீட்டுப் பெண்ணின் காருக்குக் கீழே போனது. மாமா இறங்கிப்போய் முழங்காலில் நின்று அதைத் தடியால் தட்டி எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி ஓட்டினார். முதலில் நிறுவை, பிறகு திறப்பு, பிறகு பயணம் என்று அவர் தாளில் எழுதியிருந்தார். அவருடைய சாரதிப் பத்திரத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு கிலோதான் எல்லை. போன முறை பிரான்சில் பொலிஸ் மறித்து நிறுவை பார்த்ததில் கூடிப்போய் நின்றது. அது அவருக்கு அவமானம். முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் அளவு பிழைக்காத ஆள்.

கால்வாய்க்கரையில் கருங்கல் சல்லி விற்கும் முற்றம் ஒன்றில் லொறி நிறுக்கும் தராசு இருந்தது. அங்கே வேலை செய்யும் றொனால்ட், மாமாவோடு முன்பு கம்பித் தொழிற்சாலையில் நின்ற தமிழர். வண்டி தராசில் ஏறியதும் கண்ணாடி அறைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"மூவாயிரத்து எழுநூற்றி நாப்பது. அண்ணை, வீட்டைக் குடுக்கப் போறன் எண்டியள். உள்ளுக்கை வைச்சுக்கொண்டு வந்திட்டியள் போல."

"உன்ர தராசு பிழை."

"தராசு போன மாசம்தான் சோதிச்சது. நீங்களும் அக்காவும் இறங்கினாலும் காணாது."

முதலில் தண்ணீர். தொட்டியில் நூறு லீற்றர். "ஸ்பெயின் தண்ணியில தேத்தண்ணி சரிவராது" என்றார் மாமா. "போற வழியில பிரான்சில தண்ணி இல்லையோ அண்ணை" என்றார் றொனால்ட். குழாயைத் திறந்துவிட்டார்கள். ஹம் தண்ணீர் சல்லிக்குள் இறங்கியது. பிறகு அரிசி இரண்டு மூட்டை. மாவரைக்கும் இயந்திரம். தேங்காய்ப்பால் தகரப் பேணி இரண்டு பெட்டி. சைக்கிள். ஒவ்வொன்றுக்கும் மாமா ஒரு காரணம் சொன்னார். ஒவ்வொன்றையும் மதீசன்தான் தூக்கி இறக்கினான். முதுகு பிடித்தது. ஐப்பசிக் குளிரிலும் வியர்த்தது. பதினொன்றரை ஆகிவிட்டது. எத்தனை தடவை சொல்லியிருப்பான், எல்லாம் அங்கே கடையில் கிடைக்கும் என்று. ஒருவரும் கேட்கவில்லை. அவன் பொய்யைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

மாமி ரசத்தூள் போத்தலை நீட்டினார். "இதுவும் அரைக் கிலோ வரும்." வேறு வழியில்லாமல் வாங்கி ஜாக்கெற் பைக்குள் வைத்தான்.

"மூவாயிரத்து ஐந்நூற்றி இருபது" என்றார் றொனால்ட். "இன்னும் ஒரு பெட்டி அண்ணை. அவ்வளவுதான்."

உள்ளே இருந்தது ஒரு பெட்டிதான். இருக்கைக்குக் கீழே, சேலைத் துணியால் சுற்றி. மிஞ்சிய கல்வெட்டுகள், நூற்றிருபது பிரதி. பிள்ளையின் முகம் உள்ள தாளை, பழைய தாள் போடும் நீலத் தொட்டியில் போட முடியாது என்று மாமா அவற்றைத் தூக்கித் திரிந்தார். மூன்று முறை மதீசனிடம் வைக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று முறையும் இடமில்லை என்றான்.

"மாமா, அதை இறக்குவம். நான் வைச்சிருக்கிறன்."

"அது இறங்காது."

"இருபது கிலோ மாமா."

"அது மட்டும் இறங்காது எண்டு சொன்னன்." குரல் உயரவில்லை. இருக்கையில் போய் உட்கார்ந்து பெட்டியின் மேல் காலை நீட்டி மறைத்தார். "பிள்ளை எங்களைப் போகச் சொன்ன சொல் அதுக்குள்ளதான் கிடக்கு. அதை விட்டிட்டு அங்க போய் நான் என்னத்துக்கு இருக்க?"

தொட்டியில் மிஞ்சிய தண்ணீர் சொட்டியது. மாமி கதவுப் படியில் ஒரு கையை ஊன்றி, மெதுவாக, வலது காலை முதலில் வைத்துத் தராசிலிருந்து இறங்கினார்.

"அப்ப நான் இறங்கிறன். நான் அறுபத்தெட்டுக் கிலோ. இப்ப சரிவரும்."

"ஜெயம், பகிடி விடாத. நேரம் போகுது."

"பகிடி இல்லையப்பா. நீங்கள் புத்தகத்தைக் கொண்டு போங்கோ. நான் நிக்கிறன்."

றொனால்ட் கண்ணாடி அறைக்குள் தலையை இழுத்துக்கொண்டார். தராசின் சிவப்பு எண் குறைந்தது. அதை அறிவிக்க அவருக்கு மனம் வரவில்லை. மாமி மதீசன் பக்கம் திரும்பினார். சேலைக்கு மேல் போட்ட குளிர் ஜாக்கெற்றின் சிப் நெஞ்சுவரைதான் பூட்டுப்பட்டிருந்தது. முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேருடைய கடைசி நாட்களைப் பார்த்த கண்கள்.

"தம்பி, நான் எட்டு மாசமா ஒண்டை யோசிக்கிறன். என்ர பிள்ளை ஒருநாளும் நிம்மதி எண்ட சொல்லைச் சொல்லிக் கதைச்சதில்லை. அங்க பாருங்கோ, அலுமாரியில எழுதி வைச்சிருக்கிறதை. அவ கதைக்கிறது அப்பிடி. புத்தகத்தில கிடக்கிறது ஆரோ பெரிய மனுசர் கதைச்சமாதிரிக் கிடக்கு." ஜாக்கெற்றை இழுத்து மூடிக்கொண்டார். "அவ எங்களைக் கேட்டவவோ, இல்லையோ?"

கேட்டாள் என்றால் இவர்கள் ஹம்மில் இருப்பார்கள். அந்த வீட்டில், கோயிலுக்கு நாலு பஸ் தரிப்பு தூரத்தில். ஆனால் ஒவ்வொரு நாளும், அவள் கேட்டபோது தாங்கள் கடற்கரையில் கதிரை போட்டு இருந்ததை நினைத்துக்கொண்டு இருப்பார்கள். கேட்கவில்லை என்றால் வெயிலுக்குப் போவார்கள். அவனுடைய வாக்கியத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, தோடை மரத்துக்குக் கீழே, தமிழ் கேட்காத ஊரில். எட்டு மாதமாக அவன் அசையாமல் வைத்திருந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கோபம் வந்தது. மாமா மேல், பெட்டி மேல், செருப்பில் ஒட்டியிருந்த அந்த மணல் மேல். பிறகு அந்தக் கோபம் போக இடமில்லாமல் அவனிடமே திரும்பி வந்தது.

"மாமா, நீங்களும் இறங்குங்கோ" என்றான். "வீட்டை வைச்சிருக்கலாம். நேற்று அவை போன் எடுத்துச் சொன்னவை. ஒரு மணிக்கு முதல் சொன்னால் காணும். நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை."

மாமா பெட்டியிலிருந்து காலை எடுத்தார். இறங்கவில்லை. கதவு வழியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தகத்தில இருக்கிறது என்ர சொல்" என்றான் மதீசன். "அவ சொன்னது அது இல்லை."

மாமி கையை நீட்டி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னவ?"

மாசியில் அந்த வியாழன் காலை ஆறு நாற்பது. அவன் வாசலில் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தான். முதல்நாள் இரவு அவளுக்குத் தலையிடி என்று அவன்தான் சமைத்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் கோப்பையில் பாதி மிஞ்சியிருந்தது. அவள் கண்ணைத் திறக்காமல், போர்வைக்குள்ளிருந்து சொன்னாள். பின்னேரம் போன் எடுத்துக் கேட்கிறன் என்று அவன் கதவைச் சாத்தினான். பின்னேரம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

அவன் பைக்குள் கையை விட்டான். போத்தல் மாமியின் கைச்சூடு போய்க் குளிர்ந்திருந்தது. அவள் சொன்னபடியே, அந்தக் குரலின் இழுப்போடு சொன்னான்.

"அம்மா எப்ப வாறா எண்டு ஒருக்காக் கேளுங்கோ. உங்கட ரசத்தை மனிசர் குடிக்கேலாது."