வைசாகியன்று மாடு கறப்பது யார்

லக்பீரைக் குருத்வாரா அடுப்படியில் பார்த்ததும் என் கையிலிருந்த மாவு உருண்டை கையிலேயே நின்றுவிட்டது. காவித் தலைப்பாகையும் புதுச் சட்டையுமாகப் பருப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறான். அந்த நேரத்தில் அவன் இருந்திருக்க வேண்டிய இடம் குருத்வாரா அல்ல, எங்கள் முதலாளி அத்திலியோவின் மாட்டுத் தொழுவம்.

"டேய், நீ இங்க என்னடா பண்ற? மாட்டை யாரு கறக்குறா?"

"ஜஸ்வீர் பார்த்துக்குறேன்னு சொல்லிட்டான் பாபி. நல்ல நாளும் அதுவுமா ஒரு சேவை செய்யலாம்னு ஓடி வந்துட்டேன்." பாபி என்றால் அண்ணி, இங்கே எல்லோருக்கும் நான் பாபிதான்.

"ஜஸ்வீரா? அவன் வாசல்ல செருப்பு அடுக்கிட்டு இருக்கான். இப்பத்தான் பார்த்தேன்."

அவன் சிரிப்பு தாடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. பக்கத்துப் பண்ணையில் வேலை பார்க்கும் ஜஸ்வீரைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தேன். அவன் தன்னிடம் சொன்ன வேலையை அதே பண்ணையில் இருக்கும் சோகனிடம் தள்ளிவிட்டானாம். சோகன் எங்கே என்று பார்த்தால், பந்தி வாசலில் நின்று வருகிறவர்கள் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

"லக்பீர் அங்கதான் இருப்பான்னு நினைச்சேன் பாபி. அவனைவிடப் பொறுப்பான ஆளு யாரு?" என்றான் சோகன், கூசாமல்.

எங்கள் பஞ்சாப் ஆட்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு புத்தி வரும். கூலி கொடுத்தாலும் செய்யாத வேலையை, சேவை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடித்துப் பிடித்துச் செய்வார்கள். பாத்திரம் கழுவ இடம் கிடைக்காமல் அன்று இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். மாடு கறப்பது மட்டும் யாருக்கும் சேவையாகத் தோன்றவில்லை.

அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இத்தாலியின் இந்தப் போ நதிச் சமவெளிக்கு முதலில் வந்தவர்கள் ரயில் நிலையத்து பெஞ்சில் படுத்தவர்கள். இருட்டோடு எழுந்து மூடுபனியில் தொழுவத்துக்குப் போகும் வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வரவில்லை, எங்கள் ஆட்கள் வந்தார்கள். ஒருவன் தம்பியைக் கூப்பிட்டான், தம்பி மச்சானைக் கூப்பிட்டான். பிறகு நாங்கள் பெண்டாட்டிகள் வந்தோம், பிள்ளைகள் வந்தார்கள். ஊர்க்கோடியில் சிமெண்ட் குழாய் வைத்திருந்த பழைய கிடங்கு ஒன்றை எல்லோரும் சேர்ந்து வாங்கி, வெள்ளையடித்து, குருவின் நூலைத் தலைமேல் சுமந்து கொண்டுவந்து வைத்தோம். இத்தனை வருஷமும் ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்ததெல்லாம் சைக்கிளில் போகும் முதுகாகத்தான். அன்று முதல்முறையாக வைசாகி ஊர்வலம், கடைத்தெரு நடுவே, போலீஸ் வழி ஒதுக்கிக் கொடுக்க. அந்த நாளில் எவன் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்?

அதிலும் என் வீட்டுக்காரர் நச்சத்தர் சிங் ஊர்வலத்தின் முன்னால் குருவின் சீடர்களாக நடக்கும் ஐவரில் ஒருவர். காவி அங்கி, நீலக் கச்சை, கையில் உருவிய வாள், வெறுங்கால். குருவின் நூலை வைத்த தேருக்கு முன்னால் நடக்கிறவர் நடுவழியில், "கொஞ்சம் இருங்க, மாடு கறந்துட்டு வர்றேன்" என்று வர முடியாது. அதனால்தான் அவருடைய சித்தப்பா மகன் லக்பீர் சாயங்காலக் கறவையைப் பார்த்துக்கொள்வதாகக் குருவின் பெயரைச் சொல்லி வாக்குக் கொடுத்திருந்தான். இரண்டு பேரும்தான் அந்தப் பண்ணையின் கறவையாட்கள்.

எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவன் ஒரே ஒரு வேளை கறக்காமல் குடித்துவிட்டுக் கிடந்தான். அன்று மாலையே அவன் கட்டிலும் சட்டிபானையும் முற்றத்தில் கிடந்தனவாம். பண்ணை வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீடு போகும். வேலையும் வீடும் இல்லாதவருக்கு இந்த நாட்டில் தங்கும் அனுமதியை யார் புதுப்பித்துத் தருவார்கள்? பிள்ளைகள் இரண்டும் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, என்னை இத்தாலிய மொழியில் கேலி செய்யும் அளவுக்குத் தேறியிருந்தார்கள்.

"நான் போறேன் பாபி, இதோ ஓடிடுறேன்" என்று லக்பீர் வாளியை வைத்துவிட்டுக் கிளம்பினான். வாசல்வரை போனவன் வந்த வேகத்தில் திரும்பி வந்து மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். "முதலாளி! முதலாளி வந்திருக்கார்!"

எட்டிப் பார்த்தேன். மேயர் அழைத்தாரென்று ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் பந்தியில் சம்மணம் போட முடியாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அத்திலியோ, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் தலையில் கட்டிவிட்ட காவித் துணியுமாக. அடுப்படிக்கு ஒரே வழி, அதுவும் அவர் மூக்குக்கு நேரே. வேறு யாராவது என்றால் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடலாம். லக்பீர் எங்கள் ஜில்லாவிலேயே உயரமானவன். எந்தக் கூட்டத்திலும் அவன் தலை தனியாகத் தெரியும்.

அவர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் கதை முடிந்தது. அவர் மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பண்ணையில் ஈ காக்கை கிடையாது. சாயங்காலம் பாலாடைக்கட்டி ஆலையிலிருந்து லாரி வரும். தொட்டியில் பால் இருக்க வேண்டும்.

எங்கள் சமையலுக்கெல்லாம் தலைவி ஜாகீர் சாச்சி, எல்லோருக்கும் சித்தி முறை. குரலும் பெரிது, உடம்பும் பெரிது. அவள் காதில் விஷயத்தைப் போட்டேன்.

"எவ்வளவு நேரம் வேணும் உனக்கு?" என்றாள்.

"கறந்து முடிக்கிற வரைக்கும்."

"வெள்ளைக்காரனுக்குக் கையை மூடி 'போதும்'னு காட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப கவலையை விடு. தட்டுல விழுந்ததை மிச்சம் வைக்கக் கூடாதுன்னு வாசல்லயே சொல்லித்தான் உள்ள விட்டிருக்கோம். நான் போட்டுக்கிட்டே இருக்கேன், அவன் தின்னுக்கிட்டே இருக்கட்டும்." ரொட்டிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போருக்குப் போகிறவள் மாதிரி போனாள்.

எங்கள் பெண்களில் வண்டி ஓட்டும் உரிமம் இருந்தது பிந்தர் ஒருத்திக்குத்தான். அவளையும், கல்யாணமாகி வந்து மணப்பெண்ணின் சிவப்பு வளையல் கூடக் கழற்றாத சுக்ராஜையும் கூட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். சுக்ராஜ் ஜலந்தர் நகரத்துப் பெண். மாட்டைப் பால் பாக்கெட்டில் படமாகப் பார்த்தவள்.

"அக்கா, அது உதைக்குமா?"

"உதைச்சா நீயும் திருப்பி உதை. ஏறு வண்டியில."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாடுகளின் கத்தல் சாலைவரை கேட்டது. மடி கனத்து, காம்பிலிருந்து தானாகவே பால் சொட்டிக்கொண்டு, கறவைக் கூடத்துக் கதவை முட்டிக்கொண்டு நின்றன. பார்க்கவே பாவமாக இருந்தது. வாயில்லா ஜீவன்களுக்கு வைசாகி தெரியுமா, மேயர் தெரியுமா?

எனக்குக் கறவை இயந்திரம் புதிதல்ல. விடியற்காலையில் என் வீட்டுக்காரருக்கு டீ கொண்டுபோகிறவள், அப்படியே நின்று மடி துடைத்துவிட்டு வருவேன். இவர் காய்ச்சலில் படுத்தபோது முழுக் கறவையும் நானே செய்திருக்கிறேன், யாருக்கும் தெரியாமல். எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. என் காகிதத்தில் நான் நச்சத்தர் சிங்கின் மனைவி ரேஷம், அவ்வளவுதான். இப்போது பண்ணைகளைச் சோதிக்கும் அதிகாரி யாராவது வந்து பார்த்தால் இன்னொரு வம்பு. வந்தால் வரட்டும் என்று துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கறவையாள் நிற்கும் பள்ளத்தில் இறங்கினேன்.

நான் மடியைத் துடைத்து, முதல் பீச்சைக் கையால் கறந்து பார்த்துக் குழாய்களை மாட்டினேன். பிந்தர் கழற்றிக் கழுவினாள். மாடுகளை ஓட்டி வருவது சுக்ராஜ் பொறுப்பு. முதல் வரிசைக்கு அழுதாள். அடுத்த வரிசைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாள். அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தில் மாடுகளே பயந்து வரிசையில் நின்றன. "ஏய் கறுப்பி, தள்ளுடி! உனக்குத் தனியா அழைப்பு வைக்கணுமா?" என்று மாமியார் அதிகாரம் தூள் பறந்தது. ஒரு மாடு அவள் துப்பட்டாவைப் பாதி தின்றுவிட்டதை வீட்டுக்குப் போன பிறகுதான் கவனித்தாளாம்.

கை வேலை செய்ததே தவிர மனது நிலையில் இல்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அத்திலியோதான் வந்துவிட்டார் என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டிலை முற்றத்தில் போட்டால் பெரியவன் அழமாட்டான், சின்னவள் அழுவாள். ஊருக்கு என்ன சொல்லி எழுதுவது? அன்றைக்கு நான் முணுமுணுத்த ஜபத்தில் பாதி கடவுளுக்கு, பாதி லக்பீருக்கு வசவு.

கடைசி மாடு வெளியே போவதற்கும் லாரி உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. ஓட்டுநர் குழாயை மாட்டினான், பாலை உறிஞ்சிக்கொண்டான், மூன்று பெண்களை ஒரு மாதிரி பார்த்தான், போய்விட்டான். அந்த லாரி கேட்டைத் தாண்டியபோது என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. மூன்று பேரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, காரணமில்லாமல் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குவதற்குள் அத்திலியோ வாசலில் நின்றார். கோட்டுப் பொத்தான் அத்தனையும் திறந்திருந்தது. தலையில் காவித் துணி இன்னும் இருந்தது. காலித் தொட்டியைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், சாணமும் மாவுமாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். எழுந்து நின்றேன்.

"எல்லாம் கறந்தாச்சா?"

"ஆச்சு."

"லாரி?"

"எடுத்துட்டுப் போச்சு."

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மெல்ல உட்கார்ந்தார். "அந்தப் பருத்த அம்மா என்னைக் கொல்லத்தான் பார்த்தாங்க. தட்டு காலியாகுறதுக்குள்ள ரொட்டி, ரொட்டி, ரொட்டி."

நான் தரையைப் பார்த்தேன்.

"மாவு மூட்டைக்குப் பின்னால ஒரு தலைப்பாகை தெரிஞ்சுது. உட்கார்ந்தா மட்டும் அந்த ஒட்டகத்தை மறைக்க முடியுமா? பார்த்ததும் எழுந்துட்டேன். ரெண்டு பேர் மூட்டை முடிச்சையும் இன்னிக்கே வெளியே வீசணும்னுதான் எழுந்தேன். ஜன்னல் வழியா பார்த்தா, கை நிறைய மாவோட நீ வண்டியில ஏறுற. சரின்னு திரும்ப உட்கார்ந்துட்டேன்."

"ஏன் உட்கார்ந்தீங்க?"

"ஏனா? பாயசம் வந்துச்சு."

பிந்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாளியை விட்டு எழுந்து, இயந்திரக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முகர்ந்து பார்த்தார். சுத்தமாகக் கழுவியிருந்தோம்.

"ரேஷம், எனக்கு ஒரு பையன் மிலானோல பாங்குல இருக்கான். மாடு கத்துனா அவன் ஜன்னலை மூடுவான்." கையிலிருந்த குழாயைக் கொக்கியில் மாட்டினார். "திங்கட்கிழமை ஆபீசுக்கு வா. உன் பேர்ல எழுதுறேன். மூணாவது ஆளு. சம்பளம் அவங்களுக்கு என்னவோ அதேதான். அனுமதிக்கும் நானே எழுதித் தர்றேன்."

"என் பேர்லயா?"

"மாட்டு பேர்லயா எழுதுவாங்க?"

சொன்னால் வெட்கம், அழுதுவிட்டேன். முகத்தைத் துடைக்கக் கையில் சாணம், அதனால் துடைக்கவும் இல்லை. அழுகைக்கு நடுவிலும் ஒன்று கேட்டேன். "அடுத்த வைசாகிக்கு?"

"அடுத்த வைசாகிக்கு நான் கறக்குறேன். எனக்கென்ன மறந்தா போச்சு? நீங்க எல்லாரும் போங்க." வயிற்றைத் தடவிக்கொண்டார். "பாயசம் மட்டும் கொண்டு வந்துடணும்."

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். ஊர்வலம் குருத்வாரா வாசலில் முடிந்ததும் லக்பீர் அவர் காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருக்கிறான். வயல் குறுக்கே ஓடி வந்திருக்கிறார். காவி அங்கி முழங்கால்வரை சேறு, வெறுங்கால், இடுப்பில் வாள் ஆடுகிறது. நான் அழுவதைப் பார்த்தார். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று முடிவு கட்டிவிட்டார். அத்திலியோவின் முன்னால் போய்க் கைகூப்பி, தெரிந்த இத்தாலிய மொழியையெல்லாம் கொட்டிக் கெஞ்ச ஆரம்பித்தார். பிள்ளைகள், வீடு, என் தப்பு, இனிமேல் நடக்காது. கூப்பிய கைக்குக் கீழே வாள் ஆட, பாவம் அத்திலியோ ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"நிறுத்துங்க" என்றேன். "வேலை ஒண்ணும் போகல."

"பின்ன எதுக்கு அழுற?"

"எனக்கும் கிடைச்சிருக்கு. உங்க சம்பளமேதான்."

அவர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், வைக்கோல் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு அவருக்கும் கண் நிறைந்தது.

"அப்ப வீட்டுல ரொட்டி யாரு சுடுறது?" என்றார்.

"சேவைன்னு சொல்லிப் பாருங்க," என்றேன், "லக்பீர் ஓடி வருவான்."