முன்வீட்டுக்குப் போன ரிஜிஸ்டர் தபால்

பாப்பாவின் வாய்க்குள் விரலை விட்டு அனுஷியா வழித்தெடுத்தது மண். கூட்டிப் பெருக்கி, துடைத்த வீட்டில் மண் ஏது என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். கதவு நிலையின் அடியிலிருந்து பென்சில் பருமனில் ஒரு மண்கோடு மேலே ஏறியிருந்தது. அதன் கீழ்ப்பாதியைக் காணோம். பாப்பா கையில் கொஞ்சம் இருந்தது. மிச்சம் வயிற்றுக்குள் போயிருந்தது.

கரையான். மூன்று வாரமாக அவள் அதைத் துடைப்பத்தால் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, வெளியில் யாருக்கும் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் மங்கம்மாக்கா மனசு கஷ்டப்படும்.

மங்கம்மா வீட்டுச் சொந்தக்காரி. முன்வீட்டில் தனியாக இருந்தாள். பின்னால் இருந்த இரண்டு அறைகளில் அனுஷியாவும் சார்லஸும் ஒன்பது மாதப் பாப்பாவும் வாடகைக்கு இருந்தார்கள். மங்கம்மா உப்பளத்தில் வேலை செய்பவள். மழைக்காலத்தில் அளம் மூடிவிடும். அந்த மாதங்களில் ஒருநாள் காலை, பஸ்ஸுக்கு ஓடத் தயாராக நின்ற அனுஷியாவின் இடுப்பிலிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டு, "நீ போ, பாத்துக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து அனுஷியா நிம்மதியாக ரத்தப் பரிசோதனை நிலைய வேலைக்குப் போய்வந்தாள். இப்போது கரையானைப் பற்றிப் பேசப்போய், அந்த மடி இல்லாமல் போய்விட்டால்?

சார்லஸுக்கு அந்தப் பயம் இல்லை.

"இன்னும் எத்தன நாளைக்கு மண்ணெண்ணெய் தடவுவ? செவுரு அவங்களுது, நெல அவங்களுது. நாம வூட்டத்தான் வாடகைக்கு எடுத்தோம், கரையானையும் சேத்து எடுக்கல."

"நான் சொல்றேன்."

"மூணு வாரமா இதத்தான் சொல்ற."

அவன் வானூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். கூட வேலை செய்பவர்களிடம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தான். குறையை எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். சுவரையும் நிலையையும் சரிசெய்து தருவது உரிமையாளர் பொறுப்பு. சும்மா இருந்துவிட்டால், நாளைக்குக் கதவு உதிரும்போது பழி நம் மேல் விழும். அனுஷியாவால் இதில் எதையும் மறுக்க முடியவில்லை. அவளே உட்கார்ந்து எழுதினாள். சார்லஸ் அதை வானூரில் ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டான்.

நான்காம் நாள் காலை தபால்காரர் தெய்வசிகாமணி முன்வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். மங்கம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எந்தத் தபால் வந்தாலும் அவர்தான் படித்துச் சொல்வார். சின்னக் குரலில் படிக்க அவருக்கு வராது. தெருக்குழாயில் குடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

கடைசியில் உறையைத் திருப்பிப் பார்த்தார். "அனுப்புனர், பின்வீடு. ஏம்மா, பத்தடி தூரம்! இதுக்கு வானூர் போயி, சுத்தினு வந்து, நான் தூக்கினு வரணுமா?"

குழாயடி முழுக்கச் சிரித்தது. மங்கம்மா சிரிக்கவில்லை. எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். பாப்பாவைக் கொடுக்க வந்து சந்தில் நின்றுவிட்ட அனுஷியாவைப் பார்த்தாள்.

"கையெழுத்து போட்டேன்னு உனக்கு ஒரு அட்ட திரும்பி வருமாம். பத்திரமா வச்சிக்கோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கத்தியிருந்தால் தேவலை.

இரண்டு நாள் முன்கதவு சாத்தியே கிடந்தது. அனுஷியா லீவு போட்டாள். பாப்பா தவழ்ந்து போய் அந்தக் கதவைத் தட்டித் தட்டி அழுதாள். திரும்பத் திரும்பத் தூக்கிவந்து அனுஷியாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக வேலை செய்யும் இடத்திலிருந்து போன் வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளே போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா."

"இன்னா? இதையும் தபால்ல போட்டிருக்கலாமே."

இரண்டு நாளாகச் சேர்த்துவைத்த பேச்சு மறந்துபோயிற்று. மிஞ்சியதைச் சொன்னாள்.

"லெட்டர் தப்பில்லக்கா. அத அனுப்புன விதம்தான் தப்பு. கரையான் நெசம்."

மங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு, "என் வூட்லயா கரையான்?" என்றாள். "அளத்துல உப்பு வாரிக் குமிக்கிற பழைய பலகைங்கள உன் செவுரு ஓரமா எதுக்குடி அடுக்கி வச்சிருக்கேன்? உப்பு ஊறின மரம் இருக்கிற எடத்துல பூச்சி அண்டாதுன்னுதான். உன் வூட்டுக்காரன் மிக்ஸி பொட்டி, ஃபேன் பொட்டின்னு அட்டையா சேத்து வச்சிருக்கான். அதுல வந்திருக்கும்."

அந்தத் தெருவில் எல்லோரும் உப்புப் பலகைகளை அப்படித்தான் அடுக்கியிருந்தார்கள்.

"ஒருவாட்டி பாத்துடலாமாக்கா? பலகையில இல்லன்னா அட்டைய எல்லாம் இன்னிக்கே எரிச்சிடுறேன்."

இருவரும் பின்பக்கம் போனார்கள். மேலே மூடியிருந்த பனையோலையை மங்கம்மா விலக்கினாள். முதல் பலகை கல் மாதிரி இருந்தது. "பாத்தியா?" இரண்டாவதும் அப்படியே. தரையைத் தொட்டுக் கிடந்த கடைசிப் பலகையின் பிடியைத் தூக்கினாள். பிடி மட்டும் கையோடு வந்தது. குனிந்து பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ரஸ்க் மாதிரி நொறுங்கியது. வெள்ளைப் பூச்சிகள் வெளிச்சத்துக்குப் பயந்து சிதறின. அங்கிருந்து ஒரு மண்கோடு சுவர் வெடிப்புக்குள் நேராகப் போயிருந்தது.

"இத்தன வருஷ மழையில உப்பு கரைஞ்சி போயிருக்கும்க்கா" என்றாள் அனுஷியா. "வெளிய தெரியாது."

"காவல் வச்சிருக்கேன்னு நெனச்சேன். தீனி வச்சி வளத்திருக்கேன்." மங்கம்மா பிடியைக் கீழே போட்டாள்.

பாப்பா இடுப்பிலிருந்து எம்பி அந்த மண்ணை நோக்கிக் கையை நீட்டினாள். அனுஷியா சட்டென்று கையைப் பிடித்தாள். "வேணாம்டி, ஒருவாட்டி தின்னது போதும்."

மங்கம்மா நிமிர்ந்தாள். "இத தின்னுச்சா? எப்ப?"

"போன வாரம்."

"லெட்டர்ல அத எழுதுனியா?"

"இல்லக்கா."

"அத மொதல்ல எழுதறதில்லியா! நெல, செவுருன்னு எழுதி வச்சிருக்க. கொழந்த மண்ணு தின்னுச்சுன்னு ஒரு வார்த்த இருந்தா அன்னிக்கே வந்திருக்க மாட்டேன்?" பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். "வாயத் தொறடி. ஆ காட்டு."

அனுஷியாவின் கண் நிறைந்துவிட்டது. மங்கம்மா அதைப் பார்க்காதவள்போல் பாப்பாவின் பற்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டே பல்தான்.

மங்கம்மா சொல்லி, திண்டிவனத்திலிருந்து ஆள் வந்து தரையோரமாகத் துளை போட்டு மருந்து இறக்கினார். நாலு நாள் எல்லோரும் முன்வீட்டில் படுத்தார்கள். முதல் நாள் சார்லஸ் தலையை நிமிர்த்தவே இல்லை. "தம்பி, இன்னும் ரெண்டு தோச வேணும்னா ரிஜிஸ்டர்ல போடு" என்று மங்கம்மா சொன்ன பிறகுதான் அவனுக்குச் சோறு தண்ணி இறங்கியது.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் அது. அனுஷியா ஒரு வரியைச் சேர்த்து எழுதி, மெதுவாகப் படித்துக் காட்டினாள். கரையான், எலி, மூட்டைப்பூச்சி வந்தால் சரிசெய்து தருவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு.

"எலியுமா? பாம்பையும் சேத்துக்கோயேன்" என்றாள் மங்கம்மா. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"அடுத்த வாரம் அளம் தொறக்குது. விடியறதுக்கு முன்ன போனா, வர பதினோரு மணி ஆயிடும். அதுவரைக்கும் இவள யாரு பாத்துப்பாங்க? தம்பி, நீ ஷிப்ட மாத்திக்கோ. காலையில நீ, அப்புறம் நானு."

"அதையும் இதுல எழுதணுமா?" என்று சார்லஸ் அனுஷியாவைப் பார்த்தான்.

"வேணாம்" என்றாள் அவள். "வாயால சொன்னா போதும்."