சாட்சிக் கையெழுத்து

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்குத் துரைசாணி என்று பேர் வைத்ததே அவளுடைய நாத்தனார்தான். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்ததும் மற்றவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, இவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு இங்கிலீஷ் வகுப்புக்குப் போவாள். "எங்க அண்ணி இனிமே மெஷின்கிட்டயே இங்கிலீஷ்லதான் பேசுவாங்க, நாமெல்லாம் ஓரமா நிக்கணும்" என்று நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாய் நின்று காட்டுவாள். மொத்தக் கூடமும் சிரிக்கும்.

வகுப்பு நிர்வாகம் நடத்தியது. தர்ம சிந்தனையா? அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. மேலே இருப்பவன் சொன்னால் கீழே இருப்பவளுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். புத்தகம் முழுக்க சாரி சார், எஸ் சார், உடனே செய்கிறேன் சார். 'முடியாது' என்று சொல்ல ஒரு பாடம் கிடையாது.

இருந்தும் அவள் ஒரு நாள் தவறவிட்டதில்லை. அந்தக் கூடத்தில் எது நடந்தாலும் சூப்பர்வைசர்தான் இங்கிலீஷில் எழுதுவார், இவர்கள் கீழே கையெழுத்துப் போடுவார்கள். நாலு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாயிற்று. எதில் தலையைக் கொடுக்கிறோம் என்றாவது தெரிய வேண்டாமா?

வெள்ளிக்கிழமை துரைசாணியின் கண்ணெதிரே ப்ளீச் கேன் சரிந்து நாத்தனாரின் வலது கை மணிக்கட்டு வரை வெந்துபோனது. திங்களன்று சூப்பர்வைசர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நகர்த்தினார்.

"ஒண்ணுமில்ல, கையில ப்ளீச் பட்டுடுச்சுன்னு எழுதியிருக்கேன். அடிபட்டவங்க இங்க, சாட்சி இங்க. போட்டுட்டுக் கெளம்புங்க."

துரைசாணி பேனாவை எடுக்கவில்லை. தாளை எடுத்து, விரலை வைத்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள்.

"படிச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?"

அவள் அடுத்த வரிக்குப் போனாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. க்ளவுஸ். முதல் பாடத்திலேயே படத்தோடு வந்த வார்த்தை. கொடுத்த க்ளவுஸை நாத்தனார் போடவில்லையாம். அடுத்த வரியில் வார்னிங். கேன் கேனாக ஒட்டியிருக்கிற அந்த வார்த்தையை அவளுக்குத் தெரியாதா? இரண்டு தடவை எச்சரித்தும் கேட்கவில்லையாம்.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாசமாகக் கூடத்தில் க்ளவுஸே இல்லை. இதே மேஜை முன்னால் நின்று இவளே கேட்டிருக்கிறாள். "வரும் வரும்" என்று சொன்ன வாய் இதே வாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதும் இல்லாமல், பரிமாறுகிற வேலை இவளுக்கா? கையும் வெந்து, இதைச் சொல்லியே வேலையையும் பிடுங்குவார்கள். அதற்குச் சாட்சி சொந்த அண்ணி!

"சார், இதுல நான் போட மாட்டேன்."

தாளைத் திருப்பினாள். அவருடைய பேனாவையே எடுத்துப் பின்பக்கம் எழுதினாள். நோ க்ளவுஸ். த்ரீ மந்த் நோ க்ளவுஸ். ஐ ஆஸ்க். சார் ஸே வெயிட். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இதுல நாலு தப்பு இருக்கு. மேல அனுப்பினா உங்களப் பார்த்துத்தான் சிரிப்பாங்க."

"என் இங்கிலீஷ்ல தப்பு இருக்கு சார். உங்க இங்கிலீஷ்ல தப்பே இல்ல, பொய்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் படிச்சுட்டு யாரப் பார்த்துச் சிரிக்கணுமோ சிரிக்கட்டும்."

அவர் முகம் சுண்டிப்போனது. "பேனாவக் குடுங்க" என்றார்.

நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, நான் எங்க போடணும்?"

துரைசாணி தன் எழுத்துக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாத்தனார் இடது கையால் பேனாவைப் பிடித்தாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தது. சூப்பர்வைசர் இன்னொரு தடவை பேனாவைக் கேட்டார். கடைசி எழுத்து முடிகிறவரை அவள் கொடுக்கவில்லை.