மடித்த இலைக்குள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். கையில் இருந்தால் வம்பு. அன்றைக்கும் வங்காளத்துப் பெஹாலாவில் நம் தமிழ் ஜனங்களின் கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில் ரசக் கரண்டியை வைத்துவிட்டுத்தான் பன்னீர்செல்வம் அண்ணனைத் தேடிப் போனேன். அவர் கிடர்பூர் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மணப்பெண் ரோஹிணியின் அப்பா. நான் வத்சலா, அந்தக் கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்தவள்.

மண்டபத்துச் செக்ரட்டரி திருவேங்கடம் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் முற்றத்தில் குவியும் குப்பையால் அக்கம்பக்கத்தில் ஓயாத சண்டை. இந்த முறையும் அப்படிக் கிடந்தால் சமையல்கட்டு வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த அடுப்பை நம்பித்தான் நானும் என் ஆட்களும் வருஷம் முழுக்கச் சோறு தின்கிறோம். விட்டுவிடுவேனா?

நான் ஏற்பாடு செய்துவிட்டேன். காய்த்தோல், மிச்சம் மீதி, எச்சில் இலை எல்லாம் காய்கறி பயிரிடும் வங்காளி நிமாய்தாவின் தோட்டத்துக்கு. அவர் எருவாக்குவார், அந்த எருவில் விளைகிற கத்தரிக்காயை நானே வாங்கிச் சமைப்பேன். அவருக்கு ஒரே நிபந்தனைதான், பிளாஸ்டிக் கூடாது. போன தடவை இலையைப் பிரித்தால் உள்ளே பிளாஸ்டிக் டம்ளரும் ஸ்பூனும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

யாரும் வேண்டுமென்று ஒளித்து வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்தால் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுவது நம் ஜனங்களின் பழக்கம். உறவு தொடரட்டும் என்று அர்த்தம். இலைமேல் எது கிடந்தாலும் அதுவும் சேர்ந்து உள்ளே போய்விடும். அதனால் இந்த முறை தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர், ஐஸ்கிரீமுக்கு மண்கிண்ணம் என்று எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன்.

அப்படியும் முதல் பந்தி எழுந்தபோது பார்க்கிறேன், இலைக்கு இலை ஒரு மீட்டா பான், இனிப்பு பீடா, வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை. உறையில் மணமக்கள் படம்!

"அண்ணே, இதை யாரு வைக்கச் சொன்னது?"

"நான்தான். ரோஹிணி போட்டோ பளிச்சுனு விழுந்திருக்கு இல்ல?"

"விழுந்திருக்கு. இப்ப சாம்பார்ல மிதக்குது. உறையை உள்ள போட்டு மடிச்சுட்டுப் போயிட்டாங்க. அடுத்த பந்தியில இலையை மடிக்க வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"என்னம்மா பேசற? கல்யாண வீட்டுல இலையை மடிக்காம எழுந்திரிக்கறதா? உறவே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

"அப்ப பானை நிறுத்துங்க."

"ஆர்டர் குடுத்து ஆசையா செஞ்சது வத்சலா. குப்பைதானே, விடு."

குப்பைதானேவாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை. இந்த வீட்டில் யார் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது என்று யோசித்தேன். நேராக மாப்பிள்ளை அறைக்குப் போனேன்.

சந்தீப் அலிப்பூர் வங்காளிப் பையன், ரோஹிணியோடு வேலை பார்க்கிறவன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே எழுந்தான். "மாஷிமா, பால்ட்டி எங்கே?" என்று என்னைச் சித்தி முறை வைத்துக் கேட்டான். ரோஹிணி அவனுக்கு முன்னால் போய் வாளியை எடுத்துவிட்டாள்.

இரண்டாம் பந்தி. பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, கையில் வாளி. மாப்பிள்ளை ஒவ்வொரு இலையாகக் குனிந்தான். "கவர் இதில போடுங்கோ, அப்பறம் இலை மடிச்சுக்கோங்கோ" என்று ரோஹிணி சொல்லிக்கொடுத்த தமிழில் கேட்டான்.

பந்தியே பதறிப்போயிற்று. "ஐயையோ, நீங்க ஏன் மாப்பிள்ளை!" என்று ஒருவர் உறையைத் தம் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். பக்கத்து அம்மாள் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இலையில் விட்டுவிட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

பன்னீர்செல்வம் அண்ணன் ஓடி வந்தார். "மாப்பிள்ளை கையில குப்பை வாளியா! வத்சலா, உனக்குக் கண்ணு மண்ணு தெரியலையா?"

"நல்லாவே தெரியுது அண்ணே. குப்பைதானே, விடுங்க."

அவர் வாளியைப் பிடுங்கப் பார்த்தார். சந்தீப் விடவில்லை. "பாபா, அடுத்த பந்திக்கும் நான்தான்" என்றான். அவ்வளவுதான், மூன்றாம் பந்திக்குப் பான் எல்லாம் உறை கழற்றித் தாம்பாளத்தில் வந்தது.

ஆனால் முதல் பந்தி இலைகள் முற்றத்தில் கிடந்தனவே! நிமாய்தா வண்டியோடு வந்தார். திருவேங்கடமும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நிமாய்தா மேலாக ஓர் இலையைப் பிரித்தார். உறையிலிருந்து ரோஹிணி சிரித்தாள். அவர் இலையைக் கீழே போட்டுவிட்டு வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"என்னால ஆகாது தீதி."

"நில்லுங்க நிமாய்தா" என்றேன். தரையில் உட்கார்ந்து இலைகளைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஊரார் எச்சில். என் பரிமாறும் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் குமட்டத்தான் செய்தது.

எதிரே யாரோ உட்காருவது தெரிந்து நிமிர்ந்தேன். பன்னீர்செல்வம் அண்ணன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலையைப் பிரித்தார். ரசமும் பாயசமும் முழங்கை வரை வழிந்தன. ஒவ்வோர் உறையையும் எடுத்துத் துண்டால் துடைத்துப் பக்கத்தில் அடுக்கினார்.

உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். "பொண்ணைப் பெத்தவர் எச்சில் இலை எடுக்கறதாவது! எழுந்திருங்க" என்று யாரோ அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "என் பொண்ணு முகத்தைக் குப்பையில போட்டது நான். நான்தான் எடுக்கணும்" என்றார்.

தோளைப் பிடித்த கை விலகியது. கொஞ்ச நேரத்தில் அப்படி இழுத்தவரும், புடவையும் வேட்டியுமாக இன்னும் சிலரும் எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நிமாய்தா வண்டியை நிறைத்துக்கொண்டு போனார். முற்றத்தைக் கழுவிவிட்டோம்.

திருவேங்கடம் தொண்டையைச் செருமினார். "கிச்சன் உனக்குத்தான் வத்சலா. ஆனா அடுத்த கல்யாணத்துக்காரங்க இதையெல்லாம் கேப்பாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குழாயடியிலிருந்து பன்னீர்செல்வம் அண்ணன் குரல் கொடுத்தார். "கேக்கலைன்னா எனக்கு போன் பண்ணுங்க. நான் வந்து அவங்க இலையையும் பிரிக்கிறேன்."