வலக்கைக் காப்பு

கிருஷ்ணசாமியின் வலது கையில் ஒரு வண்டு குடியிருந்தது. அப்படித்தான் அவன் பெண்டாட்டி மலர்க்கொடி சொல்லுவாள். மணிக்கட்டில் தையல் தழும்புக்கு மேலே உள்ளங்கையை வைத்தால் போதும், உள்ளே விர்ரென்று ஓர் அதிர்வு ஓடும். காலையில் எழுந்ததும், வாசல் தெளிப்பதற்கு முன்னால், அவள் அதைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். வண்டு இருக்கிறதா? சரி, இன்றைய வேலையைப் பார்க்கலாம்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வந்த வண்டு அது. காஞ்சிபுரத்தில் ரத்தம் சுத்தம் பண்ணும் இடத்தில் நர்ஸ் சுகிர்தா பொறுமையாகச் சொல்லியிருந்தாள். "நெஞ்சுலேர்ந்து பெரிய ரத்தக்கொயாய் ஒண்ணு கெளம்புதுக்கா. அதுலேர்ந்து பிரிஞ்சி தோளுக்கு வந்து, அப்புறம் கைக்கு வருது. கைக்கு வர்ற தமனிய, திரும்பிப் போற கொயாயோட சேத்துத் தெச்சிக்கீறாங்க. வேகமா ஓடறதாலதான் அப்டி அதிருது. ஓட்டம் கொறஞ்சா தட்டணுங்க ஒண்ணு சேந்து அடச்சிக்கும். அடச்சிக்கினா மறுபடியும் கயுத்துலதான் டியூப் போடணும்."

சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, இதெல்லாம் மிதக்கிற மஞ்சள் நீர் என்று அவள் அடுக்கியதில் மலர்க்கொடிக்கு மனதில் நின்றது தட்டணு ஒன்றுதான். அரிவாள் பட்டால் ரத்தத்தை நிறுத்திக் காப்பாற்றுகிற அதுவே இங்கே குழி பறிக்குமா என்று அதன் மேல் அவளுக்குக் கோபம்கூட உண்டு. கழுத்து டியூப் என்ற பேச்சையே அவள் எடுக்கவிடமாட்டாள். முன்பு அதில் சீழ் பிடித்து, ஜுரத்தில் கிடந்தவனை மீட்டு வந்ததே பெரும்பாடு.

வேலை செய்கிற கை வேண்டாம் என்று பெரும்பாலும் இடது கையில்தான் தைப்பார்கள். கிருஷ்ணசாமிக்கோ மண்வெட்டி பிடிப்பதிலிருந்து பொத்தான் போடுவதுவரை எல்லாம் இடது கை. சோறு மட்டும், அம்மா போட்ட அடியில், வலது கைக்கு வந்திருந்தது. ஆகவே டாக்டர் வலது கையில் தைத்துவிட்டார். அதில் ஒரு வில்லங்கம் இருப்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஆடித் திருவிழா வந்தது. ஜுரத்தில் கிடந்தபோது அம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டவன் அவன். குடம் எடுப்பவர்களுக்குப் பூசாரி காப்புக் கட்டுவார். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. கட்டிய காப்பை அம்மனுக்குப் பால் ஊற்றும்வரை அவிழ்க்கக் கூடாது. பூசாரியிடம் விஷயத்தைச் சொல்லி இடது கையில் கட்டிக்கொள் என்று மலர்க்கொடி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். தலையாட்டிவிட்டுப் போனவன், முழுக்கைச் சட்டையோடு திரும்பி வந்து படுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் அவள் கை வைத்தபோது வண்டைக் காணவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளினாள். மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கட்டிய நூல், இரவில் கை வீங்கியதில், தழும்புக்கு மேலேயே இறுகிக் கிடந்தது.

"இன்னாயா பண்ணி வச்சிக்கீற?"

"பீச்சாங்கைல கட்டுங்கன்னு நாலு பேரு எதுர்ல எப்டிமே கேக்கறது? வெக்கமா பூட்ச்சி. கட்டறப்போ லூசாதான் இருந்திச்சி."

அவள் கத்தியை எடுத்து வந்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"அறுக்காதமே! நேந்துக்கினது. ஆத்தா சும்மா வுடமாட்டா."

"குத்தம்னா எந்தலைல வரட்டும். கைய நீட்டுயா!"

நூல் அறுந்தது; வண்டு திரும்பவில்லை. அறுந்த நூலை அவன் கீழே போட மனமில்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். போன் போட்டதும் சுகிர்தா, உடனே கிளம்பி வாருங்கள், கையை மடக்கவிடாதீர்கள் என்றாள்.

உத்திரமேரூரில் பஸ் மாறினார்கள். வழியெல்லாம் அவள் அவன் கையைத் தன் மடியில் நீட்டி வைத்துப் பிடித்திருந்தாள். அதிர்கிற மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்த ஓட்டை பஸ்ஸில் சீட்டும் ஜன்னலும்கூட அதிர்ந்தன. எதை நம்புவது?

பாலாற்றுப் பாலம் தாண்டி ஓரிக்கையில் ஆட்டு மந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டது. டிரைவர் ஏதோ முனகிக்கொண்டே இன்ஜினை நிறுத்தினார். சீட்டு அடங்கியது, ஜன்னல் அடங்கியது. கிருஷ்ணசாமியின் கை மட்டும் அடங்கவில்லை.

"வந்துட்ச்சிய்யா, வண்டு வந்துட்ச்சி," என்று அத்தனை பேர் முன்னால் அவன் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அவன் இடது கையால் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தான்.

"பால்கொடத்த நீ எடு. நான் கூட வரேன். கைய நீட்டு."

நீட்டினாள். அவள் இடது மணிக்கட்டில் நூலைச் சுற்றி, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அத்தனை பேர் எதிரில் பீச்சாங்கையால் முடிச்சுப் போட்டான். லூசாகவே போட்டான்.