மெஷினக்கா வாய் திறந்த நாள்

மெஷினக்கா என்ற பெயர் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. முன்பு இருந்த நாட்டில், அவர்கள் குடியிருந்த சந்தே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. எந்நேரமும் அவள் வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். லீவு நாள் காலையில்கூட ஓயாது. மாடாய் உழைக்கிறாளே பாவம் என்று அக்கம்பக்கத்தார் உச்சுக்கொட்டுவார்கள். லீவு நாள் காலையில் அந்த மெஷினில் உருப்படியாக எதுவுமே தைக்கப்படவில்லை என்பது உச்சுக்கொட்டியவர்களுக்குத் தெரியாது.

அவர்கள் கும்பிடும் சாமியை அங்கே கும்பிடக் கூடாது. அது சட்டம். நாலு பேர் சேர்ந்து பாடுவது வெளியே கேட்டால் வாசலில் வண்டி வந்து நிற்கும். அவளுடைய அண்ணன் அப்படி ஏற்றிக்கொண்டு போகப்பட்டவன்தான். வருஷக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டுப் பாதி ஆளாகத் திரும்பினான். அதற்காகச் சாமியைக் கைகழுவிவிட முடியுமா? அவளால் முடியவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே அந்தச் சத்தத்துக்கு அடியில் பாடுவது என்று ஒரு வழி கண்டுபிடித்தாள். பெண்கள் இரண்டும் அவள் முழங்காலை ஒட்டி உட்கார்ந்து முணுமுணுக்கும். வீட்டுக்காரர் மட்டும் பாட மாட்டார். கதவில் காதை வைத்துக்கொண்டு, மாடிப்படியில் யாராவது வருகிறார்களா என்று காவல் நிற்பார்.

சும்மா ஓட்டினால் மெஷினின் சத்தம் வேறு மாதிரி இருக்கும். தொழில் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஒரு வெட்டுத்துணியை ஊசிக்கடியில் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அதே துணிதான், வாராவாரம். தையல்மேல் தையல் விழுந்து அது பலகையாகவே ஆகிவிட்டது. துணியின் ஓரம் வந்ததும் மெஷினை நிறுத்தித் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளியில் எல்லோரும் கப்சிப். நாளாக ஆக, நிறுத்தம் பாட்டில் ஒரே இடத்தில் வந்து விழப் பழகிவிட்டது. அதுவும் எங்கே? சரியாகச் சாமியின் பெயருக்கு நடுவில். பாதிப் பெயர், நிசப்தம், அப்புறம் மீதிப் பெயர். பாட்டே அப்படித்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

எப்படியோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். துணிமணியைக் குறைத்துக்கொண்டு மெஷினைக் கழற்றிக் கொண்டுவந்தாள். வீட்டுக்காரருக்குப் பஸ் டிப்போவில் வண்டி கழுவும் வேலை. அவளுக்கு ரெடிமேட் துணிகளை ஆளுக்குத் தக்கபடி பிடித்துக் கொடுக்கும் கடையில் வேலை. இங்கே யாரும் யாருடைய சாமியைப் பற்றியும் கேட்பதில்லை. தெருமுனையில் போலீஸ்காரர் ஒருவர் வழி சொல்லிவிட்டு "பாத்துப் போங்கம்மா" என்றதற்கு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள் அவள். தினமும் அடுப்பைப் பற்ற வைக்கும்போதே நன்றி சொல்லிவிடுவாள். பெரியவள் பள்ளிக்கூடத்தில் பயமில்லாமல் கை தூக்குகிறாளே, அதற்கு. சின்னவள் தெருவில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறாளே, அதற்கு.

ஆனால் லீவு நாள் காலை வந்தால் கால் தானாக மெஷினுக்குப் போனது. இனிமேல் எதற்கு என்று அவளுக்கே தோன்றும். ஒருமுறை இரண்டு பஸ் மாறி, அவர்கள் கும்பிடும் முறைக்கென்றே இருந்த பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனார்கள். கூடமே வாய்விட்டுப் பாடியது. அவளுக்கு உதடு அசைந்ததே தவிர, காற்றுதான் வந்தது. வீட்டுக்காரர் அங்கேயும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்; சாமியின் பெயருக்கு நடுவில் அவளும் பிள்ளைகளும் மட்டும் நின்றார்கள். போதாக்குறைக்குச் சின்னவள், "அம்மா, இங்க மெஷின் எங்க?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டுவைத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அன்பாகத்தான் சிரித்தார்கள். அவளுக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்குச் சாமியைக் கொடுத்தோம் என்று நினைத்தால் பயத்தையும் சேர்த்தல்லவா ஊட்டிவிட்டோம் என்று பஸ் முழுக்க மனசுக்குள் மருகிக்கொண்டு வந்தாள். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு லீவு நாள் காலை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில், கதவு தட்டப்பட்டது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கதவு தட்டினால் யார் என்ன செய்வது என்று அங்கே படித்த பழைய பாடம் மறக்குமா? பெரியவள் கணக்குப் புத்தகத்தை விரித்தாள். அம்மா பலகைத் துணியை உருவிவிட்டுப் பாதி தைத்த பாவாடையைச் செருகினாள். வீட்டுக்காரர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். சொந்த வீட்டில், பனியனோடு. பெரியவள் போய்க் கதவைத் திறந்தாள்.

கீழ்வீட்டு நர்சம்மா நின்றிருந்தார். கண் இரண்டும் தூக்கத்துக்குக் கெஞ்சின. ராத்திரி டூட்டி முடித்து வந்து படுத்தால் தலைக்கு மேலேயே மெஷின் ஓடுகிறது, வாரத்தில் ஒரு நாளாவது தையலுக்கு லீவு விடக் கூடாதா என்று அலுப்போடு கேட்டார்.

"நாங்க தைக்கலையே," என்றாள் சின்னவள். "சாமிதான் கும்பிடுறோம்."

பழைய இடத்தில் அந்த ஒரு வார்த்தை போதும், குடும்பமே நாசம். வீட்டுக்காரரின் கை விரித்தபடியே நின்றது. நர்சம்மா மெஷினைப் பார்த்தார், கை விரித்த மனுஷனைப் பார்த்தார், மறுபடி சின்னவளைப் பார்த்தார்.

"சாமி கும்பிடுறதுக்கு எதுக்கும்மா மெஷின்?"

நர்சம்மா கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "தாராளமா கும்பிடுங்க. பாட்டுன்னா நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன். அந்த மெஷினை மட்டும் நிறுத்துங்க, புண்ணியமாப் போகும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரர் யோசித்தார். கடைசியில் ஒரு வழி அகப்பட்டுவிட்டது என்று முகமெல்லாம் பல்லாக வந்தார். பழைய கம்பளியை நாலாக மடித்து மெஷின் காலுக்கடியில் வைத்துவிட்டால் சத்தம் கீழே இறங்காது. தேவைப்பட்டால் மேலேயும் ஒரு போர்வை. அவள் கறிகாய் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"சத்தம் வராத மெஷினை வெச்சுக்கிட்டு எந்தச் சத்தத்தைங்க மறைக்கப் போறோம்?"

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள், சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபோது அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. சத்தமாகப் பாடியதற்காக உள்ளே போனவன். அவன் பாடிய மாதிரி பாடுவதை இங்கே தடுக்க ஒருவரும் இல்லாதபோது, தானே தன் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

லீவு நாள் காலை மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். ஜன்னலைத் திறந்தாள். வீட்டுக்காரர் வழக்கம்போல் கதவோரம் போய்க் காதை வைத்தார்.

அவள் வாயைத் திறந்தால் முதலில் கரகரவென்று ஏதோ வந்தது. வெறுந்தரையைக் கால் மிதித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலை இன்னொரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டாவது அடிக்கு வந்தாள். குரல் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவது அடியில் அறைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது, அவளுக்கே அந்நியமாக. பிள்ளைகள் முணுமுணுப்பதைக்கூட மறந்துவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவர்களுக்குச் செய்தி.

சாமியின் பெயர் வந்தது. பாதிப் பெயரில் பெரியவள் நின்றாள், சின்னவள் நின்றாள். அவளுக்கும் நெஞ்சு ஒரு தடவை நின்றது. நிற்கக் கூடாது என்று நினைத்தாள். நிற்கவில்லை. எத்தனையோ வருஷமாக நடுவில் ஒடித்து ஒடித்துச் சொன்ன பெயரை ஒரே மூச்சில், முழுசாக, தெருவுக்குக் கேட்கப் பாடினாள். கண்ணீர் கொட்டியது, குரல் மட்டும் உடையவில்லை. சின்னவள் வாயைப் பிளந்து, "அது ஒரே பேரா?" என்றாள். அம்மா பாட்டை விடாமலே தலையாட்டினாள்.

கீழே தெருவில் கார் கழுவிக்கொண்டிருந்த ஆள் அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து டயரைத் தேய்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான். ஓடவில்லை, யாருக்கும் போன் போடவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அந்த மனுஷனுக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது அவளுக்கு.

கதவோரம் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர்தான். காவலை விட்டுவிட்டு வந்து, பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இந்தப் பாட்டைப் பாடி அவள் கேட்டதில்லை. கதவுக்கு ஒரு ஆள் வேண்டுமே, எப்படிப் பாடுவார்? தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த அடியை எடுத்தார்.

ராகம் என்பது அந்த மனுஷனுக்குச் சுத்தமாக வராது. இத்தனை வருஷம் இது யாருக்குமே தெரியாமல் இருந்திருக்கிறது. பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவள் பொத்தவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் எதையும் கண்டுகொள்ளாமல் கண்ணை மூடிக்கொண்டு, டிப்போவில் ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்கு ஆளைக் கத்திக் கூப்பிடும் அதே தொண்டையில், சாமியின் பெயரை முழுசாகப் பாடினார்.

கீழ்வீட்டு நர்சம்மா இதற்கு வந்து கதவைத் தட்டினால் அது நியாயம்தான் என்று மெஷினக்கா நினைத்தாள். ஆனால் ஜன்னலைச் சாத்தவில்லை. அவரோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடினாள்.